நச்சுப் பாம்பு ஒருவரின் வீட்டு விடயம் அல்ல

உடையார்கட்டில் பாம்பைக் காண்பது புதினமில்லை. குளத்துக்குக் கீழே வயல், வயலுக்கு அங்கால் பற்றை, பற்றைக்குப் பின்னால் காடு. மாரி தொடங்கி வாய்க்கால் நிரம்பினால் பாம்பு மேட்டுக்கு ஏறும். மேட்டில்தான் எங்கள் வீடுகளும் இருக்கின்றன. விறகு அடுக்குக்குள் நாகம், கோழிக்கூட்டுக்குள் சாரை, வரம்பில் புடையன் என்று பார்த்துப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

இப்போது நடப்பதுதான் புதினம். நாகத்தையும் புடையனையும் பிடித்து, போத்தலிலும் வாளியிலும் அடைத்து, வீட்டுக்குள் வைத்திருக்கிற இளைஞர்கள் ஆங்காங்கே தோன்றியிருக்கிறார்கள். படமெடுத்து ஆடுகிற நாகத்துக்கு முன்னால் கையை நீட்டிக் காணொளி எடுக்கிறார்கள். அதைப் பார்த்து நூறு பேர் கைதட்டினால் அடுத்த பிள்ளை அதைவிடப் பெரிய பாம்பைத் தேடிப் போகிறான். இது ஒருவருடைய துணிச்சல், அவருடைய விருப்பம், எங்களுக்கென்ன என்று ஊர் பேசாமல் இருக்கிறது. அப்படி இருக்கக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வன்னி வைத்தியசாலைகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஊரில் இன்றைக்கும் என்னை "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவார்கள். பாம்பு கடித்தவர்களின் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நின்ற இரவுகள் அதிகம். அங்கே கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: நச்சுப் பாம்பை வீட்டில் வைத்திருக்கிறவர் தன்னுடைய உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை, தாய், தங்கை, அயலவர், இவர்களோடு முன்பின் தெரியாத ஒரு வயல் தொழிலாளியின் உயிரையும் கேட்காமலே பணயம் வைக்கிறார்.

போன மாரியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு தாய் என்னிடம் வந்தார். "மிஸ்ஸி, இவன் சொல்லுக் கேக்கிறான் இல்லை. நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோ" என்றார். போனேன். ஐந்து லீற்றர் தண்ணிக் கானின் கழுத்தை வெட்டி, வாயை நுளம்பு வலையால் மூடி, இறப்பர் வளையம் போட்டிருந்தான். அதற்குள் ஒன்றரை முழ நாகம். கான் இருந்தது புத்தக றாக்கையில். றாக்கைக்குக் கீழே பாய் விரித்து, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற தங்கை கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.

குனிந்து பார்த்தேன். பாம்பின் மூக்கு நுனி பிளாஸ்ரிக்கில் உரஞ்சி உரஞ்சித் தோல் போய்ச் சிவந்திருந்தது. சட்டை சரியாகக் கழலாமல் ஒரு கண்ணின் மேல் வெள்ளைப் படலமாய் ஒட்டிக்கிடந்தது. குடிக்கத் தண்ணீர் வைக்கவில்லை. வெளியேற வழி தேடி அது எத்தனை நாள் அந்தச் சுவரோடு மோதியிருக்கும் என்பதை அந்த மூக்கு சொன்னது.

"அன்ரி, இது கடிக்காது. என்னோட பழகீற்றுது. பல்லும் புடுங்கியாச்சு" என்றான் அவன்.

"பல்லு திரும்ப முளைக்கும், அப்பன்" என்றேன்.

அவன் நம்பவில்லை. அவன் மட்டுமல்ல, பெரியவர்கள் பலருக்கும் இது தெரியாது. நாகத்தின் நச்சுப் பல் ஒன்று விழுந்தாலும் பிடுங்கினாலும் அதற்குப் பின்னால் அடுத்த பல் காத்திருக்கிறது. சில வாரங்களில் அது முன்னுக்கு வந்து அந்த இடத்தைப் பிடித்துவிடும். நஞ்சுப் பையை யாரும் தொடவில்லை. அது தன் பாட்டில் நஞ்சைச் சுரந்துகொண்டே இருக்கும். பிடுங்கிய இடத்தில் சீழ் பிடித்துத் தீன் எடுக்க முடியாமல் பாம்பு செத்துப் போவதும் உண்டு. "பழகிவிட்டது" என்பதும் அப்படித்தான். நாயும் மாடும் ஆளை அறிந்து அன்பு வைக்கும். பாம்பு அப்படி அன்பு வைக்கிற பிராணி இல்லை. பசி, பயம், சூடு, குளிர் இவைதான் அதை நடத்துகின்றன. ஒரு மாதமாய்க் கடிக்காத நாகம், கையில் எலி மணத்தாலோ சட்டை கழற்றும் நாட்களில் கண் மங்கியிருந்தாலோ அடுத்த நிமிடம் கடிக்கும்.

பொழுதுபடும்வரை கதைத்தோம். கடைசியில் அவனே சம்மதித்தான். வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர்கள் வந்து கொண்டுபோனார்கள். அவன் கெட்ட பிள்ளை இல்லை. பாம்பைக் கண்ட இடத்தில் அடித்துக் கொல்கிற எங்கள் பழக்கத்தை வெறுத்தவன். அந்த மனதை நான் மதிக்கிறேன். அவன் அதைச் செலவழித்த வழியைத்தான் ஏற்க முடியவில்லை.

இனி, கடி விழுந்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்ப்போம். இலங்கை முழுவதும் 2012–13 காலத்தில் வீடு வீடாகச் செய்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. ஓராண்டில் 80,000க்கு மேற்பட்ட பாம்புக்கடிகள், அவற்றில் 30,000 அளவில் நஞ்சேறியவை, 400 அளவில் மரணங்கள் என்று அது கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் 81,000 முதல் 138,000 பேர்வரை பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்கிறது; 2017இல் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் முதல் நிலையில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது என்று சொல்லக் காரணம், சாகிறவர்கள் வயலிலும் குடிசையிலும் இருக்கிற ஏழைகள் என்பதுதான்.

ஒவ்வொரு பாம்பின் நஞ்சும் ஒவ்வொரு விதமாக வேலை செய்யும். நாகம் கடித்தால் கடிவாய் வீங்கிக் கறுத்துச் சதை அழுகும். மூச்சுத் தசைகளும் சோரும். கட்டுவிரியன் இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். நுளம்பு கடித்த அளவுக்குக்கூட நோகாது, தடமும் தெரியாது. விடியப் புறத்தில் வயிற்று வலி என்று எழும்புவார். பிறகு இமை தானாக மூடும், பேச்சுக் குழறும், மூச்சு நிற்கும். செயற்கைச் சுவாச இயந்திரத்தில் நாட்கணக்கில் கிடக்க வேண்டிவரும். கண்ணாடி விரியன் என்று புத்தகங்கள் சொல்கிற எங்கள் புடையன் கடித்தால் குருதி உறையும் தன்மையை இழக்கும்; முரசிலிருந்தும் சிறுநீரிலும் குருதி போகும்; சிறுநீரகம் பழுதாகும். இலங்கைப் புடையனின் நஞ்சு நரம்பையும் தாக்குவதால் இமைகளும் சோரும்.

புடையன் கடித்தவர் வந்தால் விடுதியில் ஓர் எளிய சோதனை செய்வோம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் கொஞ்சம் குருதி எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைப்போம். பிறகு மெல்லச் சரிப்போம். நல்ல குருதி கட்டியாய் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நஞ்சேறிய குருதி தண்ணீர் போல வழியும். அந்த இருபது நிமிடமும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தாய்மார் எங்கள் கண்ணைத்தான் பார்ப்பார்கள். குழாயைச் சரிக்கும்போது முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பழகுவது தாதி வேலையில் மிகக் கடினமான பாடம்.

வழிந்தால் விஷமுறி மருந்து ஏற்ற வேண்டும். அது தூளாக ஒரு சிறு குப்பியில் வரும். ஒவ்வொரு குப்பிக்கும் 10 மில்லிலீற்றர் கிருமி நீக்கிய நீர் விட்டுக் கரைக்க வேண்டும். அவசரம் என்று குலுக்கினால் நுரைத்துவிடும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டத்தான் வேண்டும். ஒருவருக்குப் பத்துக் குப்பி. புடையன் கடுமையாய்க் கடித்திருந்தால் இருபதுவரை போகும். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு குழந்தை என்று பார்த்து நஞ்சைக் குறைத்து விடுவதில்லை.

அந்த மருந்தும் ஆபத்து இல்லாத மருந்தல்ல. குதிரையின் குருதியிலிருந்து செய்யப்படுவதால் பலருக்கு ஒவ்வாமை வரும். சிலருக்கு உடல் தடித்துக் குருதியமுக்கம் விழுந்து அந்த இடத்திலேயே உயிருக்குப் போராட வேண்டிவரும். மருந்துக்கு முன் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் இந்த ஆபத்துக் குறையும் என்று இலங்கை வைத்தியர்கள் செய்த பெரிய ஆய்வு 2011இல் நிறுவியது. அப்படியும் பக்கத்தில் வைத்தியரும் தாதியும் விழிப்போடு நின்றாக வேண்டும்.

இந்தக் குப்பிகள் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? இலங்கையில் நாங்கள் பாவிக்கிற விஷமுறி இந்தியாவில் செய்யப்படுவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை என்ற நான்குக்கும் எதிரானது. அதற்கான நஞ்சின் பெரும் பங்கைச் சேகரித்துக் கொடுப்பது தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். இருளர்கள் தங்கள் கையை ஆபத்தில் வைத்து எடுத்த நஞ்சு, தொழிற்சாலை போய், குதிரை போய், குப்பியாகிக் கடல் கடந்து எங்கள் குளிர்பெட்டிக்கு வருகிறது. சின்ன வைத்தியசாலைகளில் அது எண்ணிக்கையாகத்தான் இருக்கும். விளையாட்டாய் வளர்த்த நாகம் ஒருவரைக் கடித்த இரவில் பத்துக் குப்பி முடிந்தால், அதே இரவில் நெல்லுக் காவலிலிருந்து தூக்கிவரப்படுகிறவர் அடுத்த வைத்தியசாலைக்குப் பயணப்பட வேண்டும். அவருக்கு அந்த நேரம் இல்லாமல் போகலாம்.

அதனால்தான் "என் உயிர், என் விருப்பம்" என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. வயலுக்குப் போகிறவர் பாம்பு இருக்கும் என்று தெரிந்துதான் போகிறார், போகாவிட்டால் சோறில்லை. 2009 தொடக்கத்தில் போருக்கு நடுவே எங்கள் சனம் உடையார்கட்டிலும் சுதந்திரபுரத்திலும் பதுங்குகுழிகளுக்குள் இறங்கியபோது, மழைத்தண்ணீரோடு பாம்பும் உள்ளே கிடக்கலாம் என்று தெரிந்துதான் இறங்கியது. மேலே செல் விழுந்தது. வேறு வழி இருக்கவில்லை. மீளக்குடியேறிப் பற்றை வெட்டியபோதும் அந்த ஆபத்தைத் தவிர்க்க முடியவில்லை. தெரிவே இல்லாமல் இவ்வளவு ஆபத்தைத் தாண்டி வந்த ஊரில், தெரிவு செய்து ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

"எனக்குப் பாம்பு பற்றி எல்லாம் தெரியும்" என்பவர்களுக்கு இரண்டு பேரை நினைவூட்ட விரும்புகிறேன். யோ சுலோவின்ஸ்கி அமெரிக்காவின் பெயர்பெற்ற பாம்பு ஆய்வாளர். நாக இனங்களைப் பற்றி ஆழ்ந்து ஆராய்ந்தவர். 2001 செப்டெம்பர் 11ஆம் திகதி வட மியன்மார் மலைக்காட்டில், நஞ்சில்லாத பாம்பு என்று நினைத்து ஒரு பைக்குள் கையை விட்டார். உள்ளே இருந்தது ஒரு சிறு கட்டுவிரியன் வகை. கூட வந்தவர்கள் மாறி மாறி வாயால் மூச்சுக் கொடுத்தும் மறுநாள் இறந்துபோனார். வயது 38. கேரளத்தில் பாம்பு பிடிக்கிற வாவா சுரேஷை எங்கள் பிள்ளைகளுக்கும் காணொளிகளில் தெரியும். 2022 சனவரி 31ஆம் திகதி கோட்டயம் மாவட்டம் குறிச்சியில் ஒரு நாகத்தைச் சாக்கில் போடும்போது தொடையில் கடி வாங்கினார். கோட்டயம் மருத்துவக் கல்லூரியின் முழுப் பலமும் செயற்கைச் சுவாசமும் சேர்ந்துதான் அவரைக் காப்பாற்றின. வாழ்நாள் முழுக்கப் பாம்போடு இருந்தவர்களின் கை தவறுகிறது. பின்னேரங்களில் காணொளி பார்த்துப் பழகிய கை தவறாமல் இருக்குமா?

பாம்பு பெட்டிக்குள் இருக்கும்வரைதான் அது ஒருவருடைய சொத்து. வெளியேறிவிட்டால் அது தெருவுடைய ஆபத்து. எங்கள் சனம் கணிசமாய்க் குடியேறியிருக்கிற ஜேர்மனியின் நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில், ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயிலிலிருந்து அதிக தூரமில்லாத ஹேர்ன என்ற நகரில், 2019 ஓகஸ்ற் கடைசியில் ஒரு நாகம் வீட்டிலிருந்து தப்பியது. நான்கு கட்டடங்களில் இருந்த 30 பேர் அளவில் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. நாட்கணக்கில் தேடிய பிறகே அது பிடிபட்டது. அந்த அனுபவத்துக்குப் பின் மாநில அரசு சட்டம் இயற்றியது. 2021 சனவரி 1 முதல் நச்சு விலங்குகளைப் புதிதாக வாங்கி வளர்ப்பது தடை; ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பதிவு செய்து, காப்புறுதியும் எடுக்க வேண்டும். பிரித்தானியாவில் 1976ஆம் ஆண்டுச் சட்டமே அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதியையும் கட்டாயமாக்கியிருக்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் றாலி நகரில் 2021 யூன் கடைசியில் ஓர் ஆபிரிக்க நாகம் அயல் வீட்டு விறாந்தையில் காணப்பட்டது. விசாரித்தபோது, அது முந்தைய நவம்பர் முதலே காணாமல் போயிருந்தது தெரியவந்தது. வளர்த்தவர் ஏழு மாதமாய் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் அவர் வளர்த்த இன்னொரு நச்சுப் பாம்பு அவரைக் கடித்து, அயல் மாநில மிருகக்காட்சிசாலை ஒன்றிலிருந்து விஷமுறி தருவிக்க வேண்டியிருந்தது. பாம்பு தப்பியது விபத்து என்று சொல்லலாம். அயலவருக்குச் சொல்லாமல் விட்டதை எப்படி விபத்து என்பது? எங்கள் ஊரில் ஒரு கான் காலியாகக் கிடந்தால், அந்தப் பிள்ளை பயத்தில் வாய் திறப்பானா? அயல் வீட்டில் குழந்தை நிலத்தில் உறங்கும்.

இதைவிடக் கொடிய ஒன்றும் உண்டு. கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஒருவர் பாம்பு பிடிப்பவர் ஒருவரிடமிருந்து பணம் கொடுத்துப் பாம்பு வாங்கி, உறங்கிக்கொண்டிருந்த மனைவியைக் கடிக்கவைத்தார். 2020 மார்ச்சில் கண்ணாடி விரியனிடமிருந்து தப்பிப் பல வாரம் சிகிச்சை பெற்ற அந்தப் பெண், மே மாதம் தாய்வீட்டில் நாகம் கடித்து இறந்தார். 2021 ஒக்ரோபரில் நீதிமன்றம் கணவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. நச்சுப் பாம்பு கேட்டால் கிடைக்கும், காசுக்கு விற்கப்படும், வீட்டில் போத்தலில் வைத்திருக்கலாம் என்ற நிலை இருந்ததால்தான் அந்தக் கொலை சாத்தியமானது. பாம்பு வைத்திருப்பது சாதாரணமாகிவிட்ட ஊரில், ஒரு பெண் பாம்புக்கடியோடு வந்தால் விதி என்று விட்டுவிடுவார்கள்.

அப்படியானால் யாருமே நச்சுப் பாம்பு வைத்திருக்கக் கூடாதா? சிலர் வைத்திருக்கத்தான் வேண்டும். விஷமுறிக்கு நஞ்சு வேண்டும், ஆய்வுக்குப் பாம்பு வேண்டும், பிள்ளைகள் பார்த்தறியத் தெகிவளை போன்ற மிருகக்காட்சிசாலைகள் வேண்டும். அங்கே என்ன பொறுப்போடு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இருளர் சங்கம் அரசின் அனுமதி பெற்று, குறித்த எண்ணிக்கையில்தான் பாம்பு பிடிக்கிறது. மண்பானைக்குள் வைத்துத் துணியால் வாய் கட்டி, சில வாரங்களுக்குள் நான்கு தடவை அளவில் நஞ்செடுத்து, செதிலில் அடையாளம் இட்டுக் காட்டிலேயே விடுகிறார்கள். அந்தச் சமூகத்தின் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, பாம்போடு படம் காட்டியதற்காக அல்ல. தலைமுறைகளாய்ச் சேர்த்த அறிவைப் பிறர் உயிர் காக்கக் கொடுத்ததற்காக.

பூட்டுப் போட்ட அறை, பூட்டுப் போட்ட பெட்டி, பெட்டியில் பாம்பின் பெயர், தனியே ஒருவர் திறக்கக் கூடாது என்ற விதி, கை படாமல் கையாளக் கொக்கியும் குழாயும், கடி விழுந்தால் எந்த மருந்து எங்கே இருக்கிறது என்ற முன் ஏற்பாடு, ஒவ்வொரு நாளும் எண்ணிப் பதிகிற பதிவேடு. நச்சுப் பாம்பை வைத்திருக்கிற பொறுப்பு என்றால் குறைந்தது இவ்வளவும். இவ்வளவையும் உடையார்கட்டில் ஒரு வீட்டு அறைக்குள் செய்ய முடியாது. வெளிநாட்டுப் பாம்பு என்றால் நிலைமை இன்னும் மோசம். எங்களிடமுள்ள விஷமுறி அதற்கு வேலை செய்யும் என்று எண்ணவே கூடாது. எங்கள் நாட்டிலேயே மூக்கு நுனி மேலே வளைந்த சின்னக் குழிவிரியனுக்கு இந்த மருந்து பயனில்லை.

"பாம்பாட்டுகிற குறவர் காலங்காலமாய் வைத்திருக்கவில்லையா?" என்று கேட்பார்கள். அக்கரைப்பற்றுக்கு அருகே அளிக்கம்பையிலும், தம்புத்தேகம பக்கத்திலும் வாழ்கிற அந்தக் குடும்பங்களுக்கு அது வயிற்றுப் பிழைப்பாக இருந்தது. தகப்பன் மகனுக்குக் கைபிடித்துக் கொடுத்த தொழில். அவர்களுடைய பிள்ளைகளே இன்று படிப்பையும் வேறு வேலையையும் தேடி விலகுகிறார்கள். அவர்கள் வறுமையில் சுமந்த ஆபத்தை நாங்கள் பொழுதுபோக்காய் எடுப்பதற்கு அவர்களைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமில்லை.

"நாகத்தைக் கும்பிடுகிற சனம்தானே நாங்கள்" என்றும் சொல்வார்கள். உண்மை. புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கும் புதூர் நாகதம்பிரானுக்கும் பொங்க வன்னியே திரளும். நானும் போகிறேன். அங்கே நாகம் அதன் இடத்தில் இருக்கிறது, நாங்கள் எங்கள் இடத்தில் நின்று கும்பிடுகிறோம். புற்றைச் சுற்றி வந்தாலும் கையை உள்ளே விடுவதில்லை. எங்கள் மூத்தவர்கள் காட்டித் தந்த மரியாதை அந்த இடைவெளிதான். மூக்குத் தோல் போக நாகத்தைக் கானில் அடைத்து வைப்பது எந்த வழிபாட்டிலும் சேராது.

பாம்பை அடித்துக் கொல்லவும் நான் சொல்லவில்லை. வயலில் எலியை அடக்கி வைத்திருப்பது பாம்புதான். எலி பெருகினால் நெல்லும் போகும், எலிக்காய்ச்சலும் வரும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்தக் காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டோம். பாம்பு காட்டிலும் வயலிலும் இருக்கட்டும். வீட்டுக்கு வந்துவிட்டால் பத்திரமாய் எடுத்துக்கொண்டு போக ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாததால்தான் ஒருபக்கம் பொல்லும், மறுபக்கம் கானுமாக நிற்கிறோம்.

கேரளத்தில் 2020இல் வனத்துறை ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. பயிற்சி பெற்றுச் சான்றிதழ் எடுத்தவர்கள் மட்டும்தான் பாம்பு பிடிக்கலாம். கையால் தொடாமல் கொக்கியாலும், குழாய் பொருத்திய பையாலும் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். "சர்ப்பா" என்ற கைத்தொலைபேசிச் செயலியில் அழைத்தால் பக்கத்தில் இருக்கிற பயிற்சி பெற்றவர் வருவார். பிடித்ததைப் பதிய வேண்டும், வீட்டில் வைத்திருக்கக் கூடாது, காட்சி காட்டக் கூடாது. பாம்பில் ஆர்வமுள்ள பிள்ளைகளை விரட்டாமல், அந்த ஆர்வத்துக்கு ஒரு வேலையையும் ஒரு வரம்பையும் கொடுத்த ஏற்பாடு இது.

எங்களுக்கும் அதுதான் தேவை. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதை நடைமுறைப்படுத்த வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் இருக்கின்றன. புதுக்குடியிருப்புப் பிரதேச செயலகமும் திணைக்களமும் சேர்ந்து ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் இரண்டு இளைஞர்களைத் தெரிவு செய்யலாம். முறையான பயிற்சி, கொக்கி, பை, முழங்கால் உயரச் சப்பாத்து, விபத்துக் காப்புறுதி, அடையாள அட்டை எல்லாம் கொடுக்கட்டும். அவர்களின் தொலைபேசி இலக்கம் கிராம அலுவலர் அலுவலகத்திலும் கடைச் சுவரிலும் பாடசாலை வாசலிலும் ஒட்டப்பட வேண்டும். பிடித்த பாம்பு அன்றே பதியப்பட்டு, உத்தியோகத்தர்களின் வழிகாட்டலில் பொருத்தமான இடத்தில் விடப்பட வேண்டும். ஓர் இரவுகூட யாருடைய வீட்டிலும் தங்கக் கூடாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பயமில்லாமல் ஒப்படைக்க ஒரு தவணை கொடுங்கள். தண்டனைக்குப் பயந்து இரவில் அயல் வளவில் திறந்துவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையின் அறையில் மூடிய வாளியோ வலை கட்டிய போத்தலோ கண்டால் சத்தம் போட வேண்டாம், நீங்களே திறக்கவும் வேண்டாம். பிள்ளையோடு இருந்து கதையுங்கள், உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கள். காணொளிக்குக் கைதட்டுகிற வெளிநாட்டுச் சொந்தங்களும் யோசிக்க வேண்டும்; நீங்கள் இருக்கிற நாடுகள் பலவற்றில் சட்டம் எளிதில் விடாததை இங்கே ஒரு பிள்ளை செய்கிறான், உங்கள் கைதட்டுக்காக.

அத்தனைக்கும் பிறகு கடி விழுந்தால், கடிபட்ட கையைக் காலை அசைக்காமல் தடி வைத்துக் கட்டுங்கள். மோதிரம், காப்பு, மெட்டி எல்லாவற்றையும் வீக்கம் ஏற முன் கழற்றுங்கள். வெட்ட வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கயிறு கட்ட வேண்டாம், பார்வை பார்க்க நேரம் போக்க வேண்டாம். 1990ஐ அழைத்தால் சுவசெரிய நோயாளர் வண்டி இலவசமாக வரும். பாம்பைப் பிடித்துச் சொப்பிங் பையில் கொண்டுவந்து விடுதியில் இறக்குகிற வேலையும் வேண்டாம். அது இரண்டாவது ஆளையும் கட்டிலில் போடும். தூர நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். வளர்த்த பாம்பு கடித்திருந்தால் அதை மறைக்காதீர்கள். எந்தப் பாம்பு, எத்தனை மணிக்கு என்று உள்ளபடி சொல்லுங்கள். வெட்கத்துக்குப் பயந்து "ஏதோ பூச்சி" என்று சொன்னால் வைத்தியர் தேவையான நேரத்தை இழக்கிறார்.

இந்தக் காலபோகம் முடிந்து அரிவு வெட்டுத் தொடங்குமுன் பிரதேச செயலகம் இந்தப் பயிற்சிக்கு ஆட்களை அழைக்கட்டும். எங்கள் ஒழுங்கைப் பிள்ளையின் பெயரை முதல் ஆளாய்ப் பதியச் சொல்லி நானே அவனைக் கூட்டிக்கொண்டு போவேன். பாம்பு பிடிக்கிற அவனுடைய கை ஊருக்கு வேண்டும். அந்தக் கையில் கொக்கியைக் கொடுப்பது எங்கள் பொறுப்பு.